பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

கோவைப் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு ஒரு மே மாதத்தில் போயிருந்தேன். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக இருவர் வந்தார்கள், ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர், இன்னொருவர் ஆசிரியர் பயிற்றுநர். கேட்டைத் திறந்தது நண்பரின் பத்து வயது மகன்.

“எந்த ஸ்கூல் தம்பி?”

“ஸ்கூல் போகல. வீட்லதான் படிக்கிறேன்.”

“ஆன்லைன் கிளாஸா?”

“இல்ல. சும்மா, வீட்ல.”

வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வாசலில் கார், கூடத்தில் அலமாரி நிறையப் புத்தகம், அப்பா பொறியாளர். கையிலிருந்த படிவத்தில் வறுமை, இடம்பெயர்வு, நோய், வேலைக்குப் போவது என்று தேடிப் பார்த்தார். பையன் எதிலும் அடங்கவில்லை. கடைசியில் நண்பரிடம், “எதுக்கும் பக்கத்து மிடில் ஸ்கூல்ல பேரை மட்டும் போட்டு வச்சிருங்க சார். எங்களுக்கும் பிரச்சினை இல்ல, உங்களுக்கும் இல்ல” என்று அக்கறையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் குடும்பங்களின் சிக்கலில் பாதி இந்தப் ‘பேரை மட்டும் போட்டு வைக்கிற’ யோசனைக்குள் அடங்கிவிடுகிறது. கற்பிப்பது சிரமம்தான். கற்பிக்கிறோம் என்று ஒரு காகிதத்தில் காட்டுவது அதைவிடச் சிரமம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 51ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையான பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்கிறது. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவோ, அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. முன்னதில் இருப்பது ‘கல்வி’, பின்னதில் இருப்பது ‘பள்ளி’. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் சந்தில்தான் இந்தக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. 10-ஆம் பிரிவை மீறினால் தண்டனை என்று எதுவும் கிடையாது. அது நல்ல காரணத்துக்காகவே விடப்பட்டது. செங்கல் சூளைக்குப் போகிற அப்பனைச் சிறையில் போட்டு அவன் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது. ஏழைக்கென்று விட்ட அந்த வாசலில் இப்போது காரில் வருகிறவர்களும் நுழைந்துகொள்கிறார்கள்.

இன்னொரு பிரிவு கொஞ்சம் பயமுறுத்தும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் வாரத்துக்கு மூன்று நாள் பிள்ளைகளை உட்காரவைத்தால் அது பள்ளியா, வீடா? பலர் வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்திக்கொள்வதற்கும் வாசலில் பெயர்ப்பலகை வைக்காததற்கும் இந்தப் பயம் ஒரு காரணம்.

வீட்டில் கற்பதைச் சட்டம் வெளிப்படையாக ஏற்பது ஓரிடத்தில்தான். 2012-ல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளும் பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகளும் வீடுசார் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. அதே ஆண்டு டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு மாணவி தொடுத்த வழக்கில், விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் அப்படியே தொடரலாம், சட்டம் குறுக்கே வராது என்று மத்திய மனிதவள அமைச்சகம் பிரமாணப் பத்திரம் தந்தது. பிற்பாடு அந்த நிலையிலிருந்து அதுவே பின்வாங்கியது. ஆக இந்தியாவில் ஹோம்ஸ்கூலிங் சட்டவிரோதமா என்று கேட்டால், இல்லை என்று சொல்லலாம். சட்டபூர்வமா என்று கேட்டாலும் பதில் ‘ஆம்’ என்று வராது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு வேறொரு கனம் உண்டு. அதைப் பேசாமல் அமெரிக்கப் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது நேர்மையாகாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலை வீட்டிலிருந்து கற்கச் சொன்னது. ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போனது. 1956-ல் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று, பிள்ளையை வீட்டிலிருந்து வெளியே இழுத்துப் பள்ளியில் உட்காரவைப்பதற்காகவே இந்த மாநிலம் எழுபது ஆண்டுகளாகச் செலவழித்துவருகிறது. வீட்டில் படித்தால் போதும் என்ற சொல் இங்கே பலருக்குச் சுருக்கென்று தைப்பதில் நியாயம் இருக்கிறது. வீடு என்றால் எந்த வீடு? எழுத்தறியாத பாட்டன், முப்பாட்டனின் வீட்டில் இருந்ததெல்லாம் ஏர், பறை, சலவைக் கல், செருப்பு தைக்கிற ஊசி. அதிலிருந்து வெளியேறும் ஒரே கதவாகப் பள்ளிக்கூடம்தான் இருந்தது.

இதற்கு மறுப்பாகச் சிலர் திண்ணைப் பள்ளியையும் குருகுலத்தையும் எடுத்துக்காட்டி, நம் மரபே ஹோம்ஸ்கூலிங்தான் என்பார்கள். அந்த வாதத்தை விட்டுவிடுவது அவர்களுக்கே நல்லது. திண்ணைப் பள்ளியும் பள்ளிதான், வாத்தியாரும் பிரம்பும் உள்ள பள்ளி. அந்தத் திண்ணையில் எல்லார் பிள்ளையும் ஏறி உட்கார முடியவில்லை.

இன்று நாம் பார்க்கும் ஹோம்ஸ்கூலிங் மேற்கிலிருந்து வந்தது. ஜான் ஹோல்ட் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள் என்று 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். பள்ளியைத் திருத்திவிடலாம் என்று சில ஆண்டுகள் அலைந்து, முடியாது என்று முடிவுகட்டி, 1977-ல் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். இடையில் 1971-ல் இவான் இல்லிச்சின் புத்தகம் பள்ளி என்ற அமைப்பையே கேள்வி கேட்டது. தமிழில் இந்தப் பாதைக்கு வந்தவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு மொழிபெயர்ப்புகளின் பெயரைச் சொல்வார்கள்: ‘டோட்டோ-சான்’, கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே நல்ல பள்ளிக்கூடத்தைப் பற்றிய புத்தகங்கள். ஒன்றில் ரயில்பெட்டிக்குள் வகுப்பு நடக்கிறது, இன்னொன்றில் ஒரு ஆசிரியர் நான்காம் வகுப்பை எடுத்துக்கொண்டு கதை சொல்கிறார். இவற்றைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட பள்ளி நம் ஊரில் இல்லையே என்ற ஏக்கத்தில்தான் பலர் பள்ளியை விட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் மருதம் பண்ணைப் பள்ளி, சிங்காரப்பேட்டைப் பக்கம் குக்கூ காட்டுப்பள்ளி போன்ற இடங்களைத் தேடிக் குடும்பத்தோடு இடம் மாறியவர்களும் உண்டு. எல்லாராலும் மாற முடியாது.

கொள்கைக்காக வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் படம் பிழையாகிவிடும். தள்ளப்பட்டு வந்தவர்கள் ஒரு பெரிய பங்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளை, எழுத்து தடுமாறுகிற டிஸ்லெக்சியா பிள்ளை, சக மாணவர்களின் கேலியில் சுருண்டுபோன பிள்ளை. “உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாது மேடம், வேற பாத்துக்குங்க” என்று மூன்று பள்ளிகளில் கேட்ட பிறகு வீட்டில் வைத்துக்கொண்ட அம்மாவிடம் போய் மாற்றுக் கல்வித் தத்துவம் பேசினால் சிரிப்பார். சதுரங்கம், டென்னிஸ், கர்நாடக சங்கீதம் என்று ஒன்றிலேயே நாளெல்லாம் மூழ்கும் பிள்ளைகள் இன்னொரு வகை. நீட், ஜேஇஇ பயிற்சி மையத்துக்கு முழுநேரமும் போய்க்கொண்டு ஏதோ ஒரு பள்ளியில் பெயரை மட்டும் வைத்திருக்கிறார்களே, அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை. அது பள்ளியைவிட இறுக்கமான பள்ளி.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது? நண்பர் வீட்டுப் பையனின் பொறுப்பு பால் கணக்கு. தினசரி நாட்காட்டித் தாளில் காலை அரை லிட்டர், மாலை கால் லிட்டர், ஊருக்குப் போன நாளில் ஒரு கோடு என்று குறித்து வைப்பான். மாதக் கடைசியில் பால்காரர் சொன்ன தொகைக்கும் இவன் கணக்குக்கும் இரண்டு நாள் வித்தியாசம் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டி, பதினேழாம் தேதியும் பதினெட்டாம் தேதியும் பால் வரவில்லை என்று நிரூபித்தான். “தம்பி, நீ வக்கீலுக்குப் படி” என்று சொல்லிவிட்டு அவர் பணத்தைக் குறைத்துக்கொண்டார். நான் அசந்துபோய்விட்டேன். ஆனால் அன்று இரவே அவன் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பின்னம் எல்லாம் மனசுலயே போட்டுருவான். நெடுவகுத்தல் ஒண்ணு எழுதிப் போடச் சொன்னா ஒரு மணி நேரம் அழுவான்ணா. நானும் சேர்ந்து அழுவேன்.”

அந்த அம்மா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஹோம்ஸ்கூலிங் என்று அப்பாக்கள் மேடையில் பேசுகிறார்கள், வீட்டில் அதைச் செய்வது பெரும்பாலும் அம்மாக்கள். வேலையை விடுவது அவர்கள்தான், மாமியாரிடம் பதில் சொல்வதும் அவர்கள்தான். பிள்ளை ஒரு எழுத்துப்பிழை விட்டால் ‘நீ என்ன சொல்லிக் குடுத்தே?’ என்ற கேள்வியும் அவர்களிடம்தான் வரும். பள்ளியில் பிள்ளை பின்தங்கினால் வாத்தியாரைத் திட்டலாம், பாடத்திட்டத்தைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஒரே ஆள்தான் இருக்கிறார். இரண்டு சம்பளம் ஒன்றாகக் குறைந்தாலும் தாங்குகிற வீட்டில்தான் இது சாத்தியம் என்பதால், வர்க்கப் பிரச்சினையும் கூடவே வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் பிரிகிற வீடுகளில் ‘பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை’ என்பது ஒரு குற்றச்சாட்டாகவே மாறிவிடும்.

பாடத்துக்குப் பொருள் தட்டுப்பாடு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி நூல்களும் இணையத்தில் இலவசம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே பகுதி இருக்கிறது. என் கவலை வேறு. இந்த வீடுகள் பலவற்றில் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. பிள்ளை தமிழ் பேசும், வாசிக்காது. தெருவில் விளையாட ஆளில்லாத அடுக்குமாடி என்றால் பேச்சும் குறைந்துவிடும்.

நண்பர்கள் கிடைப்பார்களா என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி. காலை பதினொரு மணிக்குத் தெருவில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்குத் துணை ஒரு நாயும் இரண்டு தாத்தாக்களும்தான். நாலரை மணிக்கு மற்ற பிள்ளைகள் வருவார்கள், ஆறு மணிக்கு டியூஷன் போய்விடுவார்கள். எல்லா வயதினரோடும் கூச்சமில்லாமல் பேசுகிற பழக்கம் இந்தப் பிள்ளைகளிடம் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தனக்குப் பிடிக்காத நாற்பது பேரோடு, தன் சாதியில்லாத, தன் வசதியில்லாத பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காரும் பழக்கம் எங்கிருந்து வரும்? பெற்றோர் தேர்ந்தெடுத்துத் தருகிற நட்பு பெற்றோரைப் போலவே இருக்கும். ஹோம்ஸ்கூலிங்குக்கு எதிரான வாதங்களில் எனக்குக் கனமானதாகப் படுவது இது ஒன்றுதான். தனியார் பள்ளிகளும் இதே தவறைத்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கின்றன என்று ஹோம்ஸ்கூலிங் பெற்றோர் பதில் சொல்கிறார்கள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இனி காகிதங்கள். பள்ளி என்பது படிப்பு சொல்லித் தரும் இடம் மட்டும் என்று நினைப்பவர்கள், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட மறுமாதமே திருத்திக்கொள்வார்கள். மாவட்ட அளவிலான ஓவியப் போட்டி, போனஃபைடு சான்றிதழ் வேண்டும். பள்ளிகளுக்கிடையேயான விளையாட்டு, தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். பஸ் பாஸ், உதவித்தொகை, ஒலிம்பியாட் தேர்வு, எல்லாவற்றிலும் ‘பள்ளியின் பெயர்’ என்று ஒரு வரி இருக்கும். பள்ளி மாணவர் தரவுத்தளத்தின் எமிஸ் எண் கேட்பார்கள். இருந்தால் எந்தப் பள்ளி என்று கேட்பார்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

மனம் மாறிப் பள்ளிக்குத் திரும்பினால்? இங்கே சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது, பல பெற்றோருக்கு அது தெரிவதில்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பள்ளியில் சேராமல் இருந்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது 4-ஆம் பிரிவு. டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியின் கதவு திறந்தே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் அது இறுகுகிறது.

தேர்வுக்கு மூன்று வழி. ஒன்று, தமிழ்நாடு அரசின் தனித்தேர்வர் முறை. பன்னிரண்டரை வயது நிரம்பியவர் எட்டாம் வகுப்பைத் தனியாக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பு, அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்பே பதிய வேண்டும். ‘பிரைவேட்டா எழுதறது’ என்றால் நம் ஊரில் ஃபெயிலானவன் டுடோரியலில் சேர்ந்து எழுதுவது என்றுதான் அர்த்தம். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, என்ஐஓஎஸ். 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002-ல் இன்றைய பெயரைப் பெற்றது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நிகராக ஏ, பி, சி நிலைகளும் அதில் உண்டு. 14 வயதில் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களில் அதிகம் பேர் இந்த வழியில்தான் போகிறார்கள். மூன்றாவது கேம்பிரிட்ஜ் தேர்வு. அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, கட்டணத்தைக் கேட்டாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

என்ஐஓஎஸ் சான்றிதழ் செல்லும். ஜேஇஇ எழுதலாம். நீட் தேர்வில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கிய விதியை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. ஆனாலும் கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா புருவத்தை உயர்த்துவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பத்தாவதும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்ற சர்ச்சை 2009-ல் இங்கே பெரிதாக நடந்தது. ‘ஓப்பன்’ என்ற சொல்லைக் கேட்டாலே அந்த நினைவு வந்துவிடுகிறது. திறந்தநிலைப் பள்ளி வேறு, அந்தப் பட்டம் வேறு என்று கவுன்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அப்படிப் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. இவற்றுக்கெல்லாம் பள்ளியில் உட்கார்ந்து படித்ததற்கான அத்தாட்சி வேண்டும். இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சலுகை யாருக்காக வந்ததோ அவர்களிடம் இருக்கட்டும். ஆனால் வசதியில்லாமலே வீட்டில் கற்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பள்ளிகள் தள்ளிவிட்ட பிள்ளைகள், இதில் அடிபடுகிறார்கள்.

மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண், சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கினாள். பிளஸ் டூ சான்றிதழ் இல்லாததால் ஐஐடியில் சேர வழியில்லை. சென்னை சிறுசேரியில் உள்ள கணிதவியல் கழகம் அவளுடைய அறிவை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. பிறகு 2016-ல் அமெரிக்காவின் எம்ஐடி எடுத்துக்கொண்டது. ஹோம்ஸ்கூலிங் கூட்டங்களில் இந்தக் கதை சொல்லப்படாமல் இருக்காது. கேட்க இனிக்கும். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு நடப்பதை வைத்து மற்ற 999 பேருக்கு வழி சொல்ல முடியாது.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்பதற்கு ஆராய்ச்சி அதிகமும் அமெரிக்காவிலிருந்துதான் கிடைக்கிறது. அங்கே 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் சட்ட அனுமதி வந்துவிட்டது. 2012 வாக்கில் ஏறத்தாழ 18 லட்சம் பிள்ளைகள், அதாவது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல், வீட்டில் படித்தார்கள். கொரோனா காலத்தில் அந்த விகிதம் எகிறியது. வீட்டில் படித்தவர்கள் மதிப்பெண்ணில் முந்துகிறார்கள் என்று பரப்பப்படும் ஆய்வுகளை அப்படியே நம்புவதற்கில்லை. தாமாக முன்வந்த பெற்றோரின் பிள்ளைகளை மட்டும் சோதித்தவை அவற்றில் பல. குன்ஸ்மன், கெய்தர் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2013-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பெற்றோரின் பின்னணியைக் கழித்துப் பார்த்தால் வாசிப்பிலும் மொழியிலும் இந்தப் பிள்ளைகள் சற்று மேல், கணக்கில் சற்றுக் கீழ் என்பது அதிலிருந்து கிடைக்கும் சித்திரம். நெடுவகுத்தலுக்கு அழுத அம்மாவுக்கு இதைச் சொன்னேன். “அமெரிக்காவுலயுமா?” என்றார், கொஞ்சம் ஆறுதலாக.

ஜெர்மனி வீட்டுக் கல்வியைத் தடை செய்திருக்கிறது. பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். மாற்றுச் சமூகங்கள் தனித்தனியாக ஒதுங்கிப்போவதைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்ற வாதத்தை 2006-லும், பிறகு 2019-லும் நீதிமன்றம் ஏற்றது. இங்கிலாந்துச் சட்டமோ ‘பள்ளியிலோ, வேறு வகையிலோ’ என்று பெருந்தன்மையாகச் சொல்லி விட்டுவிட்டது. இப்போது அங்கேயும் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று முனைகிறார்கள். வீட்டுக் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் அடிபட்டதும் பட்டினி கிடந்ததும் யாருக்கும் தெரியாமல் போன வழக்குகள் இதற்குக் காரணம்.

நமக்கும் அந்தக் காரணம் பொருந்தும். ‘பாப்பா வீட்ல இருந்தே படிக்குது’ என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் வெகுகாலமாகப் புழங்குவதுதான். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர்கள் அதைச் சொன்னார்கள். நூற்பாலைக்கு அனுப்பியவர்கள் சொன்னார்கள், பதினாறு வயதில் கட்டிக்கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சொன்னார்கள். கணக்கெடுப்புக்கு வந்த ஆசிரியர் பயிற்றுநர் வீட்டை எட்டிப் பார்த்தது வம்புக்காக இல்லை. அந்த எட்டிப்பார்ப்பில்தான் சில பிள்ளைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

அரசு கண்ணை மூடிக்கொள்வதால் இரு தரப்புக்கும் கேடு. கொள்கைக்காகக் கற்பிப்பவர் பொய்யாகப் பெயர் போட்டுவைக்கிறார், பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் குடிமைப் பாடம் அதுதான். அதே கண்மூடலின் நிழலில் வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையும் மறைகிறது. யுடைஸ் என்ற பள்ளிப் புள்ளிவிவரக் கணக்கு பள்ளிகளை எண்ணுகிறது, பள்ளியில் இருக்கும் பிள்ளையை எண்ணுகிறது. வீட்டில் கற்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. பள்ளிக் கல்வித் துறை ஒரு எளிய பதிவு முறையைக் கொண்டுவர வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பெற்றோர் பெயர் பதியட்டும். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது வந்து பிள்ளையோடு அரை மணி நேரம் பேசட்டும், தேர்வு வைக்க வேண்டாம், பேசினால் போதும். பதிவு செய்த பிள்ளைக்கு ஒரு எண்ணும், போட்டிகளுக்கும் விளையாட்டுக்கும் செல்லுகிற ஒரு சான்றும் கிடைக்கட்டும். நினைத்த அன்றைக்குப் பள்ளியில் சேர்க்கும் உரிமை பெற்றோருக்கு இருப்பதுபோல, சேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கும் இருக்கட்டும். பள்ளிக்குப் போகிறாயா என்று அந்த அரை மணி நேரத்தில் பிள்ளையையே தனியாகக் கேட்க வேண்டும். ஹோம்ஸ்கூலிங் பெற்றோர் சிலர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நண்பர் கடைசிவரை பெயரைப் போட்டு வைக்கவில்லை. பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லாததால் பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்திருக்கிறார்கள்.